இருபத்தாறில் ஒன்று

கூடத்தில் இருந்தவர்கள்: மாமனார் அஹமது கபீர், மாமியார் மெஹராஜ் பேகம், கொழுந்தன் அஸார், தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்த கைப்பேசிக்குள் கத்தாரிலிருந்து கணவன் ஃபாஜில். கதவோரம் நுஸைபா. அவள் மடியில் இரண்டரை வயது ஷிஃபா. பேச்சு முழுக்க ஷிஃபாவைப் பற்றி. ஷிஃபாவின் கவனம் முழுக்க பிஸ்கட்டில்.

ஷிஃபாவுக்குப் பிறவியிலேயே பெருங்குடலின் அடித்துண்டில் நரம்பு இல்லை. பிறந்த பத்தாம் நாள் வயிற்றில் வழி வைத்து, மலம் சேர ஒரு பை ஒட்டினார்கள். இனி அந்தத் துண்டை வெட்டியெடுத்து, நல்ல குடலைக் கீழே இழுத்து இணைக்க வேண்டும். பை இருப்பது நாகூரில் அவர்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றே குழந்தையை எந்த நிக்காஹுக்கும் தூக்கிப் போனதில்லை.

இதற்காக மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தவள் நுஸைபா மட்டும்தான். மூன்று இடத்திலும் அதே கேள்விகள். எவ்வளவு ஆகும்? வருஷத்துக்கு எத்தனை பிள்ளைகளுக்குச் செய்கிறீர்கள்? எத்தனை பேர் நல்லபடியாக வீடு போனார்கள்?

“திருச்சி பிரைவேட் ஆஸ்பத்திரிதான்,” என்றார் கபீர். “நாலரை லட்சம். எம் மவன் வெளிநாட்டுல கெடக்குறது எதுக்கு?”

“அங்க போன வருஷம் ரெண்டே கேஸுதான் மாமா. டாக்டர் சென்னையிலேர்ந்து வர்றாரு, அன்னைக்கே ரயிலேறிடுவாரு. அந்த ரெண்டு புள்ளையும் எப்படியிருக்குன்னு கேட்டேன். நூறு சதவீதம் கியாரண்டிங்கிறாங்க. எப்படியிருக்குன்னு சொல்லல.”

“டிரஸ்ட் ஆஸ்பத்திரி?”

“பாதிக் காசு. முறை வர பதினோரு மாசம்.”

“சர்க்கார்ல?”

“காசில்ல. இருபத்தாறு புள்ளைக்குப் பண்ணியிருக்காங்க. மூணு பேருக்குத் தையல் கசிஞ்சு மறுபடி தொறந்தாங்க. ஒண்ணு பொழைக்கல, மவுத்தாயிருச்சு. டாக்டரம்மாவே நோட்டைப் பாத்துச் சொன்னாங்க.”

மெஹராஜ் பேகம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “மவுத்தான எடத்துக்கா எம் பேத்தியத் தூக்கிட்டுப் போறே?”

“மத்தவங்க கணக்கே சொல்லல மாமி. இவங்க சொன்னாங்க.”

அஸார் சிரித்தான். “நீங்க ஆஸ்பத்திரி பாக்கப் போனீங்களா, சென்சஸ் எடுக்கப் போனீங்களா?”

“அந்த வார்டுல நம்ம தெரு ஆளு எவனாவது இருப்பான்,” என்றார் கபீர். “அவன் முன்னாடி பையைத் தொறந்து காட்டுவியா?”

“அந்தப் பை போறதுக்குத்தானே மாமா போறேன்.”

கைப்பேசி கரகரத்தது. “வாப்பா சொல்றதக் கேளு,” என்றான் ஃபாஜில்.

“மச்சான், ஒரே ஒரு தடவ அந்தப் பையை நீங்க மாத்தியிருக்கீங்களா?”

படம் உறைந்து நின்றது. நெட் போனதா, ஆள்தான் வாயை மூடிக்கொண்டானா என்று கண்டுபிடிக்க வழியில்லை. கொஞ்சம் கழித்துக் குரல் மட்டும் வந்தது. “உன் இஷ்டத்துக்குப் போறதுன்னா நீயே பாத்துக்க. வீட்டுலேர்ந்து யாரும் வரமாட்டாங்க.”

யாரும் வரவில்லை. குழந்தைக்கு ரத்தம் ஏற்றினால் ஈடாக வீட்டாள் ஒருவர் கொடுக்க வேண்டும் என்றிருந்தார்கள். அஸாரைக் கேட்டாள். கடைக்கு ஆளில்லை என்றான். தானே கொடுத்துக்கொள்ளலாம் என்று எடையைப் பார்த்தாள். நாற்பத்தைந்து இருந்தால் போதும்; ஐம்பத்தொரு கிலோ இருந்தாள்.

இருபத்தாறில் அந்த ஒன்று ஷிஃபாவாகவும் இருக்கலாம். அது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஞாயிறு பூராவும் துணி மடிக்கையில், பை மாற்றுகையில், சோறு ஊட்டுகையில் அந்த ஒன்று கூடவே இருந்தது. அப்படி ஏதாவது ஆனால் இந்த வீட்டில் அவள் யார் முகத்தில் விழிப்பாள்? அதைச் சொல்லிப் புலம்பக்கூட ஆளில்லை.

திங்கள் விடிந்ததும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். மெஹராஜ் பேகம் கதவை ஒரு சாண் திறந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“புள்ளய நல்லாப் போத்து. யாராச்சும் கேட்டா ஒரத்தநாட்டுக்கு விருந்துக்குப் போறேன்னு சொல்லு.”

“ஆபரேஷனுக்குன்னே சொல்லுவேன் மாமி.”

நுஸைபா படி இறங்கினாள். தோளில் கிடந்த ஷிஃபா வீட்டைப் பார்த்துக் கையாட்டினாள். அந்தக் கை இறங்குவதற்குள் கதவு சாத்திக்கொள்ள, உள்ளே சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.