மூன்று வரி இடம்

கட்டிலில் சாய்ந்திருந்த ஐயம்பெருமாள் பிள்ளை, தன்னுடைய கருமாதிக் கடிதத்தை வாங்கிக் கண்ணருகே வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் ஆபீஸில் பிறர் எழுதியதையெல்லாம் திருத்தியவர், இதை மட்டும் விடுவாரா?

"செத்த பொறவு தப்பைத் திருத்த வரமுடியாதுல்லா" என்று காலையிலேயே அடம்பிடித்து, மூத்த மகன் சிவகணேஷை அச்சடிக்க வைத்திருந்தார். வண்ணார்பேட்டை வீட்டின் முன்னறைதான் அவனுடைய கம்ப்யூட்டர் சென்டர். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தலைமாட்டில் நின்ற சித்ரலேகாவும் தாளைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. அவள் ஆழ்வார்திருநகரியில் இருந்த இளையதாரத்தின் மகள். தாளின் இடப்பக்கம் மூத்தாள் பிள்ளைகள் சிவகணேஷ், குருபிரசாத், மதுமதி. நடுவில் நாலு விரல் இடம் விட்டு, வலப்பக்கம் அவளும் அவள் தம்பிகள் இருவரும். இத்தனை வயதாகியும் இந்த வீட்டுக்குத் தான் விருந்தாளிதானா என்று அவளுக்கு வலித்தது.

"ஏலே, இதென்ன நடுவுல ஆறு ஓடுது?" என்றார் பிள்ளை.

"பேரை ரெண்டு பத்தியா பிரிச்சு வச்சிருக்கேன்ப்பா. ஒரே வரிசையா போட்டா தாள் காணாது. கடைசிப் பேரு அடுத்த தாளுக்குப் போயிரும்."

"மேலயும் கீழயும் எடம் கெடக்கே."

"மார்ஜினை ஒட்டக் குறைச்சாலும் இன்னும் மூணு வரி வேணும்."

பிள்ளை பேனா கேட்டார். அவர் பெயருக்கு மேலே மூன்று வரிகள் இருந்தன: ஓய்வுபெற்ற தாசில்தார், கோயில் அறங்காவலர், நலச்சங்கத் தலைவர். காலையில் அவரே ஆசையாகச் சொல்லி அடிக்கவைத்தவை. மூன்றையும் கோடிழுத்து அடித்தார்.

"இப்பம் காணுமாலே?"

"காணும்ப்பா."

"வயசுப்படி போடு. தேதியை மட்டும் விட்டுவை, அதை நான் சொல்லுதேன்."

சிவகணேஷுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சித்ரலேகாவும் அழுதுகொண்டே சிரித்தாள். முன்னறையில் பிரிண்டர் கிறீச்சிட்டது. புதுத் தாளைப் பார்த்துப் பிள்ளை "ம்" என்றார். சரியாக இருந்தால் ஆபீஸிலும் அவ்வளவுதான் சொல்வார். சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

கல்யாணச் சாவு என்று மறுநாள் வாசலில் மேளம் அமர்க்களப்பட்டது. வாய்க்கரிசி போட மகன்களும் மகள்களும் எழுந்தபோது, சித்ரலேகா எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் ஒதுங்கினாள்.

ஈர வேட்டியோடு நின்ற சிவகணேஷ் திரும்பிப் பார்த்தான்.

"அங்கன என்ன செய்யுத? குருபிரசாத்துக்கு அடுத்தாப்ல நீதான். வா தாயி."

அவள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், மூத்தாள் மகள் மதுமதி அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.