இடது பக்கத்து சீட்டு

வெற்றிசெல்வன் லாரி கம்பெனியில் சேர்ந்த கதையை இலுப்பூரில் கேட்டால் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். கிரஷர் டிப்பரை விட்டான், லைன் வண்டிக்குப் போனான், நல்ல சம்பளம், மகராசன் பிழைத்துக்கொண்டான். நடுவில் ஐந்து நாள் அவன் அடித்த கூத்து ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் முதலில் சிரிப்பு வரும். அப்புறம் முதுகில் நாலு சாத்து சாத்தலாமா என்று வரும்.

ஆள் நல்லவன்தான். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. பார்க்காமல் இல்லை, பன்னிரண்டு வருஷம் பார்த்தார்கள். டிரைவருக்குப் பெண் கொடுப்பதில்லை என்று இந்தப் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல, போன இடமெல்லாம் காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் அம்மா சின்னப்பிள்ளை மட்டும் சலிக்காமல் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். போன ஆனி மாதம் அவளும் போய்ச் சேர்ந்தாள். அதோடு அந்த வீட்டில் பேச்சு நின்றது.

கிரஷரிலும் பேச்சுக் கிடையாது. கல் அரைக்கிற சத்தத்தில் எல்லாம் கைச்சாடைதான். டிப்பருக்குக் கிளீனர் வைக்கிற வழக்கமும் போய்ப் பல வருஷமாகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து டிவியைப் போடுவான். அது பாட்டுக்கு ஓடும், இவன் பாட்டுக்குச் சோறு வடிப்பான். சில நாள் காலையில் தொண்டையைத் திறந்தால் குரல் கம்மியிருக்கும். என்னடா என்று யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் முழுக்க டீக்கடையில் ‘ஒரு டீ’ என்று சொன்னதைத் தவிர வேறு எதுவும் பேசியிருக்க மாட்டான். பசியைக்கூடத் தாங்கிவிடலாம், இதைத் தாங்க முடியாது. தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் குளத்தூர்ப் பக்கம் திருச்சி ரோட்டில் ஒரு சரக்குக் கம்பெனி யார்டு திறந்து, லைன் வண்டிக்கு டிரைவர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டான். லைன் வண்டி ஊருக்குள் சுற்றாது. ஒரு ஊர் குடோனில் ஏற்றி இன்னொரு ஊர் குடோனில் இறக்குகிற நெடுந்தூர வண்டி. இவன் இளவயதில் பார்த்த லைன் வண்டிகளில் எல்லாம் இரண்டு டிரைவர் இருப்பார்கள். ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் படுப்பார். ரோட்டோரம் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குழம்பு வைப்பார்கள். உப்பு ஜாஸ்தி என்று சண்டை போட்டுக்கொள்வார்கள், அடுத்த டோல்கேட்டுக்குள் சமாதானம் ஆகிவிடுவார்கள். அந்தச் சண்டைக்கு ஏங்கிப்போய் வெற்றிசெல்வன் கிரஷர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு விட்டிருக்கலாம். விசாரிக்கவில்லை பாருங்கள், அதுதான் அவன் புத்தி.

ஆபீசில் பிரகதீஸ்வரி என்ற பெண் ஃபாரம் நிரப்பினாள். ஹெவி லைசென்ஸ் சரியாக இருந்தது. கண் டெஸ்ட்டும் சரியாக இருந்தது. அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, நம்பர் சொல்லுங்கள் என்றாள். சொன்னான். எழுதி முடித்து நிமிர்ந்து, இது உங்கள் நம்பர்தானே என்றாள். ஆமாம், அதில் கூப்பிட்டால் நான் எடுத்துவிடுவேன் என்றான். அவள் பேனாவை வைத்துவிட்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கூட வரப்போகிற டிரைவர் யார் என்று இவன் கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டபுள் டிரைவர் எல்லாம் அந்தக் காலம், இப்போது ஒரு வண்டிக்கு ஒரு ஆள்தான், காலை ஆறு மணிக்கு எடுத்தால் சேலம் யார்டில் இறக்கி ஏற்றிக்கொண்டு சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பிவிடலாம் என்று விளக்கினாள்.

“தெனம் வீட்டுக்குப் போயிரலாம்ணே. இதுக்காகவே எத்தன பேரு வாராங்க தெரியுமா?”

தினம் வீட்டுக்கு! அந்த வீட்டிலிருந்து தப்பிக்கத்தானே வெற்றிசெல்வன் வந்திருந்தான். ஆனால் விட்ட டிப்பரில் அதற்குள் வேறு ஆள் ஏறியாகிவிட்டது. போட வேண்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். இரண்டு நாள் டிரெய்னர் கூட வருவார், அவர் மார்க் போட்டுப் பாஸ் செய்தால் மூன்றாம் நாளிலிருந்து தனியாக எடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

டிரெய்னர் பெயர் ஹாமித். கோட்டைப்பட்டினத்துக்காரன், முப்பது வயதுகூட இருக்காது. திங்கட்கிழமை காலையில் மார்க் ஷீட்டோடு இடது பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, போகலாம் அண்ணே என்றான். அந்த ஒரு வார்த்தைக்கே வெற்றிசெல்வனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. திருச்சி தாண்டுவதற்குள் கிரஷர் கதை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. முசிறி வருவதற்குள் பெண் பார்த்த கதை. நாமக்கல்லில் அம்மாவின் கடைசி நாட்கள். அவ்வளவு பேச்சுக்கும் வண்டி வெண்ணெயாக ஓடியது. ஹாமித் அதிகம் பேசுகிறவன் இல்லை, ஆனால் கேட்பான். சரியான இடத்தில் ‘அப்பறம்?’ என்பான். அப்பறம் என்று கேட்க ஓர் ஆள் இருந்தால் ஒரு மனுஷனுக்குள்ளிருந்து எவ்வளவு வரும் என்பது வெற்றிசெல்வனுக்கே அன்றுதான் தெரிந்தது. சாயங்காலம் யார்டில் இறங்கும்போது ஹாமித், கை சுத்தமாக இருக்கிறது, நாளைக்கு ஒரு நாள் பார்த்துவிட்டுப் பாஸ் போட்டுவிடுகிறேன் என்று பாராட்டினான்.

நல்ல பாராட்டு! வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு ஒரு நாள். அதற்கப்புறம் அந்த சீட்டு காலி. டிவியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தின் நடுவில்தான் அவனுக்கு அந்தக் கோணல் யோசனை வந்தது.

பதினொரு வருஷம் குவாரிப் பள்ளத்தின் விளிம்புவரை டிப்பரைப் பின்னால் எடுத்து, ஒரு சாண் மிச்சம் வைத்து நிறுத்திய கை அது. அதே கை செவ்வாய்க்கிழமை சேலம் யார்டில், சரக்கு இறக்குகிற மேடைக்கு வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் நாலு தடவை முன்னும் பின்னும் இழுத்தது. டோல்கேட்டில் பிரேக்கைத் தாமதமாக மிதித்தான். இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தான். மறதியாவது மண்ணாவது. ஒவ்வொன்றுக்கும் ஹாமித் ஷீட்டில் ஒரு சுழி சுழித்தான். நேற்று நன்றாகத்தானே ஓட்டினீர்கள் என்று கேட்டான். பெரிய வண்டி பாருங்கள் தம்பி, பயமாக இருக்கிறது என்று இவன் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான். ஹாமித் நம்பினான். நம்பிவிட்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது எந்தக் கண்ணாடியை முதலில் பார்க்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான்.

பாஸ் போட முடியாமல் ஹாமித் புதன்கிழமையும் கூட வந்தான், அன்றும் அதே கூத்துதான். ரிவர்ஸில் மேடையில் ஒரு இடி இடித்தது. அது மட்டும் உண்மையாகவே இடித்துவிட்டது. யார்டுக்குத் திரும்பியதும் பிரகதீஸ்வரி ஷீட்டைப் பார்த்துவிட்டு, மூன்று நாளுக்கு மேல் வைத்துப் பார்க்க முடியாது, ஆளை அனுப்பிவிடலாம் என்றாள். வெற்றிசெல்வனுக்கு அப்போதுதான் கலங்கியது. டிப்பரும் இல்லை, லைனும் இல்லை என்றால் பகலும் அந்த வீட்டில்தான். ஹாமித் உள்ளே போய் வாதாடினான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவனுக்குப் பாதிதான் கேட்டது. இருந்த வேலையை விட்டுவிட்டு வந்த மனுஷன், வீட்டிலும் யாரும் இல்லை, இன்னும் இரண்டு நாள் கொடுங்கள், நானே கூட இருக்கிறேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அப்படியானால் உங்கள் லீவு என்று பிரகதீஸ்வரி கேட்டாள். பார்த்துக்கொள்ளலாம் என்றான் ஹாமித்.

லீவு என்பது இவன் காதில் விழத்தான் செய்தது. என்ன லீவு என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு நாள் கூடக் கிடைத்த சந்தோஷத்தில் அது அப்படியே போய்விட்டது.

வியாழக்கிழமை காலையிலிருந்து ஹாமித்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓடுகிற வண்டியில் போன் எடுக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம், கேபினில் கேமரா வேறு. எடுத்துப் பார்ப்பான், சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கதை நடுவில் அறுந்து அறுந்து போவதில் வெற்றிசெல்வனுக்கு எரிச்சல்கூட வந்தது. சேலத்தில் நின்றதும் ஹாமித் போனோடு யார்டின் கோடிக்குப் போய்க் கால் மணி நேரம் கழித்துத் திரும்பினான். கண் சிவந்திருந்தது. தூக்கம் பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இவன் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தான்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். போகும்போது ஒன்றிரண்டு தப்பு, திரும்பும்போது சுத்தமாக ஓட்டிப் பாஸ் வாங்கிக்கொள்வது என்று கணக்காக யோசித்து வைத்திருந்தான். நாமக்கல் தாண்டி டீ குடிக்க நிறுத்தினார்கள். இரண்டு கிளாஸோடு இவன் வந்தபோது, ஹாமித் வண்டி நிழலில் நின்று போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளில் அவன் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. இவன் எட்டிப் பார்த்தான். திரையில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பச்சைக் குழந்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தது.

“யாரு புள்ள தம்பி?”

“எம் புள்ளதாண்ணே. நேத்து காலையில அறந்தாங்கியில பொறந்துச்சு.”

டீ விரலைச் சுட்டது. வெற்றிசெல்வன் கீழே வைக்கவில்லை.

“நீங்க போகலையா?”

“புதன்கெழம சாயங்காலம் போறதாத்தான் லீவு போட்டிருந்தேன். ஒங்கள முடிச்சு விட்டுட்டுப் போவோம்னு பாத்தேன், முடியல.” ஹாமித் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கிளாஸை வாங்கிக்கொண்டு ஒரு வாய் குடித்தான். “காதுல பாங்கு மட்டும் நாஞ் சொல்லணும்னு ஆசப்பட்டேன். மாமாவச் சொல்லச் சொல்லிட்டேன்.”

பிறந்த பிள்ளையின் காதில் முதல் சொல்லாகத் தொழுகைக்கான அழைப்பைத் தகப்பன் சொல்வது அவர்கள் வழக்கம். வெற்றிசெல்வனுக்குத் தெரியாததல்ல, அவனோடு படித்தவர்கள், பழகியவர்கள் வீட்டில் எல்லாம் கேட்டிருக்கிறான். அது ஒரு தடவைதான் என்பதும் தெரியும்.

கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான். சேலம் மேடைக்கு ஒரே ரிவர்ஸில் வண்டியைப் பொருத்தினான். திரும்புகிற வழியில் ஒரு பிரேக்கும் பிசகவில்லை. என்ன அண்ணே பேசாமல் வருகிறீர்கள் என்று ஹாமித் இரண்டு தடவை கேட்டான். என்னத்தைச் சொல்வது? ஐந்து நாள் இந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் யார் யார், ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேச ஆளில்லை என்று மனசுக்குள் அத்தனை நாள் அழுதவன், ஆள் கிடைத்ததும் தன் கதையை மட்டும் டிப்பரைத் தூக்கிக் கல் கொட்டுவதுபோல அவன் மேல் கொட்டியிருக்கிறான். அவமானமாக இருந்தது.

நாலு மணிக்குக் குளத்தூர் யார்டில் வண்டியை நிறுத்தினான். ஹாமித் ஷீட்டை மடியில் வைத்து எல்லாக் கட்டத்திலும் முழு மார்க் போட்டுக்கொண்டே வந்தான். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கைக்கு வந்துவிடும். இவனால் முடியவில்லை.

“தம்பி, ஒரு நிமிசம். எனக்கு ரிவர்ஸ் நல்லா வரும். மொத நாளே வரும். நீங்க எறங்கிட்டா வண்டியில ஆள் இருக்காதேன்னு வேணும்னேதான் தப்புப் பண்ணேன்.”

பேனா நின்றது. ஹாமித் முன் கண்ணாடி வழியே யார்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷீட்டைக் கிழித்து எறியட்டும், ஆபீசில் போய்ச் சொல்லட்டும், கன்னத்தில் ஒன்று வைத்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று வெற்றிசெல்வன் காத்திருந்தான். ஹாமித் கையெழுத்தைப் போட்டான். ஷீட்டை டாஷ்போர்டில் வைத்தான்.

“ஒத்தையில ஓட்டத்தாண்ணே ஆள் எடுக்குறாங்க.”

அவ்வளவுதான் சொன்னான். பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். பைக்கில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல இவனுக்கு வாய்வரை வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? ஹாமித் கேட்டைத் தாண்டி ஓடினான். வந்துகொண்டிருந்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டித் தொற்றி ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குத் திரும்பிப் பார்க்க இங்கே என்ன இருக்கிறது? திட்டவாவது திட்டிவிட்டுப் போயிருக்கலாம். திட்டவும் ஆளில்லாமல் வெற்றிசெல்வன் கேபினில் உட்கார்ந்திருந்தான்.

பிரகதீஸ்வரி வேலை ஆர்டரோடு வந்தாள். ஷீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். இன்று ஒரேயடியாகப் பிடித்துவிட்டீர்களே, நாளைக்குக் காலையிலிருந்து நீங்கள் தனியாகவே எடுக்கலாம் என்றாள். அப்புறம் அந்தக் காலி சீட்டைப் பார்த்தாள்.

“ஹாமித் கெளம்பிட்டாராண்ணே? அவசரத்துல நான் கேக்கவே இல்ல. என்ன கொழந்தையாம், ஆணா பொண்ணா?”

வெற்றிசெல்வன் சொல்ல வாயைத் திறந்தான். தெரியவில்லை. குழந்தையைக் கண்ணால் பார்த்த பிறகும் ஏழு மணி நேரம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறான். அதையும் கேட்கவில்லை.