சந்தோஷம் என்ற சொல் இல்லாத பக்கம்

அக்கா பென்சிலை எடுத்து ஒரே ஒரு வரியை அடித்தாள். "செய்தி கேட்டவள் ஆனந்த வெள்ளத்தில் மிதந்தாள்" என்ற வரி.

தங்கைக்குச் சுருக்கென்றது. மருத்துவமனையில் பிசியோதெரபி வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடமாக அவள் எழுதிவரும் முதல் நாவல் அது. கப்பலோடு காணாமல் போன கணவன் உயிரோடிருப்பதாகக் கதாநாயகிக்குத் தகவல் வருகிற இடம்.

அக்கா பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவள். இந்த வெள்ளத்தில் மிதப்பவர்களை வாரத்துக்கு நாலு பேராவது தான் கரையேற்றுவதாகச் சொன்னாள். தங்கை மாற்றி எழுதினாள்: கண்ணீர் பெருகியது, உடல் சிலிர்த்தது, பேச்சு வரவில்லை. அக்கா அதையும் படித்தாள்.

"அழுதா, சிலிர்த்தா, சரி. அது யாருக்கு வேணா நடக்கும்டி. இவ என்ன பண்ணினா?"

தங்கை தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். துக்கத்தைப் பத்துப் பக்கம் எழுதிய கைக்குச் சந்தோஷம் ஒரு பத்திகூடப் பிடிபடாதது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை மருத்துவமனையில் தங்கையின் பயிற்சி அறைக்கு வழக்கம்போல் தையல்காரர் வந்தார். பக்கவாதத்தில் வலக்கை விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தினமும் சட்டைப் பட்டனைப் போட்டுப் பார்ப்பார், விரல் நழுவும், கடைசியில் மனைவிதான் போட்டுவிடுவார். அன்றும் அந்த அம்மாள் கையை நீட்டினார். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். கட்டைவிரல் நடுங்கியது. பட்டன் காஜா ஓட்டையில் பாதி நுழைந்து, சற்றே நின்று, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

யாரும் கைதட்டவில்லை. அவர் பட்டனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பிச் சிடுசிடுத்தார்.

"இந்தச் சட்டைக்குக் காஜா எடுத்தது யாரு? இவ்வளவு இறுக்கமாவா எடுப்பாங்க?"

"நீங்கதான்," என்றார் மனைவி.

அவருக்கு முதலில் உதடு கோணியது. பிறகு தோள் குலுங்கியது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். அடுத்த பட்டனையும் தானே போடுவதாகச் சொன்ன தையல்காரர், அது நுழையாமல் போகவே, அந்தக் காஜாவையும் திட்டினார். இவ்வளவு ஆசையாக ஒருவர் திட்டித் தங்கை கேட்டதில்லை.

மதிய இடைவேளையில் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். தகவலை யாரோ கொண்டுவர வேண்டாம், கணவனே தொலைபேசியில் பேசட்டும் என்று மாற்றினாள். அவன் குரல் கேட்டதும் கதாநாயகி சண்டை பிடிக்கிறாள். வீட்டிலிருந்த ஒரே நல்ல குடையை எடுத்துக்கொண்டு போனவன்தானே நீ, எட்டு மாதமாக நான் நனைந்துகொண்டு வேலைக்குப் போகிறேன், குடை எங்கே என்று மூன்று முறை கேட்கிறாள். அவன் மன்னிப்புக் கேட்கிறான். பேசி முடித்த பிறகு, அடுப்பில் ஒன்றுமில்லாத பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டு நிற்கிறாள். சந்தோஷம் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் வரவில்லை.

சாயங்காலம் அக்கா படித்தாள். குடை வந்த இடத்தில் சிரித்தாள். பாத்திரம் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஒற்றுப்பிழை ஒன்று இருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் தாளைத் திருப்பினாள்.

"அவன் எப்ப வீடு வந்து சேருறான்?"

"அந்த அத்தியாயம் இன்னும் எழுதலைக்கா."

"அப்பப் போய் எழுது. சமையல நான் பாத்துக்கறேன்," என்று அக்கா அவளை மேசைப் பக்கம் தள்ளினாள்.