ஐந்துக்கு இருபத்தொன்பது

சொங்ஜூ நகரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் தாக் யோங்தால். லாரியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே காலம் தள்ளியதால், எதற்கும் அவர் முகம் மாறாது. மகள் ஹேராங் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் கணக்கில் சறுக்கி, இரண்டாம் முறை எழுதப் பயிற்சி மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு கோடை இரவு, சாப்பாட்டு மேசையில் குழம்பை ஆறவிட்டு அவள் ஒரு கணக்கையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவர் எட்டிப் பார்த்தார். முப்படிச் சார்பு ஒன்று; முதல் கெழுவும் ஒன்று. ஒன்றைப் போட்டால் ஒன்று வருகிறது, இரண்டைப் போட்டால் இரண்டு, மூன்றைப் போட்டால் மூன்று. ஐந்தைப் போட்டால் என்ன வரும்?

"அஞ்சு" என்றார். "இதுக்குப் போயா ஒரு வருஷம்?"

"இருபத்தொம்பதுப்பா."

"அது எங்கேருந்து வந்துச்சு?"

"அவ்வளவு சுலபம்னா நீங்களே வந்து எழுதுங்களேன்."

அவர் போய்த் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டார். பிள்ளைக்காக வந்தீர்களா என்று கேட்ட அலுவலரிடம், எனக்குத்தான் என்றார். மனைவி மல்சுக் அன்று மாலைக்குள் இரண்டு பக்கச் சொந்தத்துக்கும் போன் போட்டுச் சொல்லி முடித்திருந்தாள்.

அதிலிருந்து சாப்பாட்டு நேரம் பாட நேரமானது. சார்பு என்றால், ஓர் எண்ணைப் போட்டால் ஒரே ஒரு விடைதான் வர வேண்டும், ஆனால் பல எண்களுக்கு ஒரே விடை வரலாம் என்று ஹேராங் விளக்கினாள்.

"உங்கம்மா மாதிரி" என்றார் யோங்தால். "எதைக் கேட்டாலும் முடியாதுங்கிறதுதான் பதில்."

"அதுக்குப் பேரு மாறிலிச் சார்பு."

மல்சுக் அதற்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்புறம் கொஞ்ச நாள் அவருக்குப் பிடித்த மீன் மேசைக்கு வரவில்லை.

புரியாமல் அடுத்த வரிக்கு நகர மாட்டார் என்பதுதான் அவரிடம் தொல்லை. இருபத்தொன்பது கணக்கில், சார்பிலிருந்து எக்ஸைக் கழிக்க வேண்டும் என்றாள் ஹேராங். எதற்குக் கழிக்க வேண்டும் என்றார். மையத்தில் கழிக்கச் சொன்னார்கள், அவளும் கழித்துவந்தாள். எதற்கென்று அவளும் கேட்டதில்லை. சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள்.

"எவ்வளவு விலகுதுன்னு மட்டும் பாருங்கப்பா. ஒண்ணு, ரெண்டு, மூணு, இந்த மூணு இடத்திலயும் விலகல் பூஜ்யம். மூணைத் தாண்டினா விலகிக்கிட்டே போகுது. அஞ்சு அந்த மூணு இடத்திலேருந்தும் நாலு, மூணு, ரெண்டு தள்ளியிருக்கு; பெருக்கினா இருபத்துநாலு விலகியாச்சு, அஞ்சோட சேர்த்தா இருபத்தொம்பது."

தன்னிடமும் அப்படி ஒரு மாணவர் இருப்பதாக அவர் சொன்னார். மூன்று திருப்பம் ஒழுங்காகத் திரும்புவாராம், அப்புறம் வண்டி நேரே பூச்செடிக்குள் போய்விடுமாம். ஹேராங் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

நவம்பரில் தேர்வு வந்தது. மல்சுக் ஒரே மாதிரி இரண்டு மதிய உணவு கட்டிக்கொடுத்தாள். யோங்தாலுக்கு வேறு பள்ளியில் இடம். தேர்வு எழுத வருபவர்களை உற்சாகப்படுத்த வாசலில் மேளமடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவரைக் கண்காணிப்பாளர் என்று நினைத்துக் குனிந்து வணங்கிச் சூடாகத் தேநீர் கொடுத்தார்கள். அவர் வாங்கிக் குடித்தார். கணக்குத் தாளில் ஒரு சார்புக் கணக்கைத் தேடிப் பிடித்து, நேரம் முழுவதையும் அதற்கே கொடுத்தார். விடை 1043 என்று வந்தது. மறுபடி போட்டாலும் அதேதான். விடைத்தாளில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம். கடைசியில் இருந்த 3-ஐ விட்டுவிட்டு 104 என்று நிரப்பினார்.

முடிவு வந்தபோது, முதலாவதே உயர்ந்தது என்ற ஒன்பது தரங்களில் ஹேராங்குக்குக் கணக்கில் இரண்டாவது, அவருக்குக் கடைசியான ஒன்பதாவது. அவர் கணக்கை அவள் போட்டுப் பார்த்து, முதல் வரியிலேயே கழித்தலைக் கூட்டலாக எழுதியிருப்பதைக் காட்டினாள். அந்தத் தாளை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச்சில் அவள் தேஜோன் நகரில் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போய்விட்டாள். சார்பு என்றால் என்ன என்று மல்சுக்கிடம் சொல்லிப் பார்த்தார். அவள் டிவியைப் போட்டாள். இலையுதிர்காலம் தொடங்கும்போது மறுபடி போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார்.

"ஹேராங் அப்பா, பொண்ணுதான் சேர்ந்துட்டாளே, இப்ப எதுக்கு இது?"

"முதல் வரியில தப்புப் பண்ணிட்டேன்."

இந்த முறை உணவு கட்டித்தர முடியாது என்று மல்சுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மகளுக்குப் போன் போட்டு முறையிட்டாள். எல்லாவற்றையும் கேட்ட ஹேராங், சனிக்கிழமை பஸ்ஸில் வருவதாகவும், அதுவரை அப்பாவிடம் எந்தக் கணக்கும் போட வேண்டாம் என்று சொல்லும்படியும் சொன்னாள். யோங்தால் சனிக்கிழமை வகுப்பையெல்லாம் வேறு நாளுக்கு மாற்றினார்.