இருநூற்று இருபத்தொரு கிலோ

எனக்கு இதுவரை நாலு தரம் உயிர் போயிருக்கிறது. முதல் மூன்றையும் விட்டுவிடலாம். நாலாவது தரம் போனது ரம்புக்கனையில், முக்தார் ஹாஜியாருடைய மிளகு ஸ்டோரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கையில் பிளேன்டீயோடு. மற்ற மூன்றிலும் போனது என் உயிர் மட்டும். இந்தத் தரம் மருமகனுடைய லொறியும் கூடவே போகப் பார்த்தது.

அரநாயக்கவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்தை நிறுத்து எழுதிய கணக்கப்பிள்ளை நான். பென்ஷன் வாங்கி மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். நாலாவது வாரம், ஒன்று நான் வேலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் தான் போய்விடுவதாக என் மனைவி மல்லிகா சொன்னாள். அவள் போனால் சோறு யார் ஆக்குவது? நானே போனேன். ஹாஜியார் என்னை மிளகு நிறுக்க வைத்துக்கொண்டார். அவர் முதல் தடவையாகத் துபாய்க்கு மிளகு அனுப்புகிறார். நூற்றுப் பன்னிரண்டு மூட்டை. நான் நிறுத்தேன், நான் எழுதினேன், நான் கையெழுத்துப் போட்டேன். அன்று விடியற்காலையில் மருமகன் சுரேந்திரன் தன் லொறியில் ஏற்றிக்கொண்டு கொழும்புத் துறைமுகத்துக்குப் போனான்.

லொறியில் இடமில்லாமல் நூற்றுப் பதின்மூன்றாவது மூட்டை மிஞ்சிக் கிடந்தது. ஹாஜியாருடைய மகள் நூரியா அதைச் சும்மா தராசில் ஏற்றிப் பார்த்திருக்கிறாள். ஏற்றுமதிக் காகிதங்கள் எல்லாம் பார்க்கிறவள் அவள்தான்.

"அங்கிள், உங்கட லிஸ்டுல இந்த மூட்டை ஐம்பதுண்டு எழுதி ஈக்கு. தராசு ஐம்பத்திரண்டு காட்டுது. தராசு பழுதா?"

"தராசுல ஒரு பழுதும் இல்ல மகள்." தேநீரை ஒரு மிடறு குடித்துக்கொண்டு, பெருமையாகத்தான் சொன்னேன். "கழிவு போட்டிருக்கேன்."

"என்ன கழிவு?"

"சாக்குக்கு ஒரு கிலோ. தண்ணிக்கு ஒரு கிலோ. மூட்டை ஈரமாத் தெரிஞ்சா மூணு. நல்லாக் காஞ்சிருந்தா ஒண்ணு. கைய வெச்சா எனக்குத் தெரிஞ்சிரும்."

தோட்டத்தில் அப்படித்தான். கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டுவார்கள். முள் இருபத்திரண்டு என்று நிற்கும். கணக்கப்பிள்ளை புத்தகத்தில் இருபது என்று எழுதுவான். எடுத்தவளுக்குக் கூலியும் இருபதுக்குத்தான். சாக்குக்கும் மழைத் தண்ணீருக்கும் கழிவு. கழிக்கத் தெரியாதவனைத் துரை கணக்கப்பிள்ளையாகவே மதிக்க மாட்டார். நானோ அந்த வேலையில் மகாராஜா. மேகத்தைப் பார்த்தே கழிப்பேன்.

நூரியா மெதுவாக மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"சாக்கோட சேத்து உள்ள நிறையைத்தானே எழுதச் சொன்னேன். நீங்க எழுதினதத்தான் கஸ்டம்ஸுக்கு அறிவிச்சீக்கி. சுரேந்திரன் நானாவும் அதே நிறைக்குத்தான் லொறிக் காகிதத்துல கையெழுத்து வெச்சிருக்கார். அறிவிச்சதும் உள்ளதும் ஒண்ணா ஈக்கணும் அங்கிள். கூட இருந்தா, அறிவிக்காத சாமானைக் கடத்துறோம்ண்டு அர்த்தம்."

"குறைச்சுத்தானே மகள் எழுதியிருக்கேன்? நல்லதுதானே?"

"நீங்க குறைச்சு எழுதினதாலதான் அங்க கூட ஈக்கு!" அவள் லிஸ்டைத் தட்டிக் காட்டினாள். "சாமானைப் பறிக்கலாம். வாப்பாவுக்குத் தண்டம் போடலாம். ஏத்திப் போன லொறியையும் பிடிச்சு வெக்கலாம்."

அப்போதுதான் உயிர் போயிற்று. ரம்புக்கனையிலிருந்து மலை ஏறுகிற ரயிலைப்போல நெஞ்சு அடித்தது. பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் கேட்டது. மூட்டைக்கு இரண்டு கிலோ என்றாலும் இருநூறு கிலோவுக்கு மேல். எங்கள் சப்ரகமுவ மாகாணத்திலிருந்து வருகிற மூட்டைகளில் சொல்லாத இருநூறு கிலோ இருந்தால் சுங்கக்காரனுக்கு என்ன ஞாபகம் வரும்? மிளகா வரும்? இதே மாகாணத்து இரத்தினபுரி மாணிக்கக்கல்தான் வரும். நூற்றுப் பன்னிரண்டு மூட்டையையும் கிழித்துக் கொட்டுவார்கள். துறைமுகம் முழுக்கத் தும்மும். கப்பல்கள் நிற்கும். என்னை விலங்கு மாட்டித் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். மல்லிகா பார்ப்பாள்.

நூரியா கொழும்பில் துறைமுகக் காரியங்களைப் பார்க்கும் மஷூருக்கு ஃபோன் போட்டாள். அவர் சத்தம் ஸ்டோர் முழுக்கக் கேட்டது.

"லொறி நிறுவை மேடையில ஏற முந்தி நாங்களாப் போய்ச் சொன்னா அது திருத்தம். ஏறின பொறகு அவங்களாக் கண்டுபிடிச்சா அது குற்றம். விளங்குதா? சரியான நிறை வேணும், மூட்டை மூட்டையா. சும்மா ரெண்டு ரெண்டாக் கூட்டி அனுப்ப வேணாம். ரெண்டாந்தரமும் பிழைச்சா என்ட லைசனும் போகும்."

அடுத்தது சுரேந்திரன். அவன் ரொம்பச் சந்தோஷமாகப் பேசினான்.

"சொல்லுங்க மாமா! சாப்பிட்டீங்களா? எனக்கு முன்னால இன்னும் ஆறு லொறிதான்."

நான் சொன்னேன்.

"மாமா," என்றான். "எனக்கு இருக்கிறது இந்த லொறி ஒண்ணுதான்."

"வரிசைய விட்டு வெளிய வந்துரு தம்பி."

"எங்க வர்றது? ஒரு பக்கம் மதில். பின்னால இருபது லொறி." (இருபது என்றுதான் சொன்னான். என் காதில் இருநூறு என்று விழுந்தது.) "ஃபோன வெக்காதீங்க மாமா. ஏதாச்சும் பண்ணுங்க."

நூரியா காகிதத்தை என் முன்னால் வைத்தாள். "முதல் மூட்டை. எத்தனை கழிச்சீங்க?"

யோசித்தேன். ஒன்றா? மூன்றா? கண்ணை மூடித் தராசைப் பார்த்தேன். முள், நான் கழித்து எழுதிய எண்ணில்தான் நின்றது. முப்பத்தெட்டு வருடமும் உண்மையான நிறையை நான் ஒரு நொடிக்கு மேல் தலையில் வைத்துக்கொண்டதே இல்லை.

"எனக்குத் தெரியல மகள்."

"அஞ்சு லொறி, மாமா," என்றது ஃபோன்.

மூலையில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த சின்னம்மா சுளகை நிறுத்தவில்லை. அவளும் எங்கள் தோட்டத்துக்காரிதான். இருபத்தொன்பது வருடம் என் தராசுக்குக் கொழுந்து கொண்டுவந்தவள். இங்கே மூட்டைகளைத் தூக்கித் தராசில் வைக்கிறவளும் அவள்தான்.

"நூரியா புள்ள, மூட்டை அடுக்கியிருந்தோம்ல, அந்தச் செவுத்துப் பக்கம் போய்ப் பாருங்க," என்றாள்.

போய்ப் பார்த்தோம். வெள்ளைச் சுவர் முழுக்கக் கரித்துண்டால் எழுதிய எண்கள். மூட்டை இலக்கம், பக்கத்தில் நிறை. ஒன்று, ஐம்பத்தொன்று. இரண்டு, ஐம்பத்து மூன்று. அப்படியே வரிசையாக இறங்கி, கடைசியில் நூற்றுப் பதின்மூன்று, ஐம்பத்திரண்டு. தராசில் கிடந்த மூட்டையை நூரியா இன்னொரு தரம் பார்த்தாள். ஐம்பத்திரண்டேதான்.

"எதுக்கு இதெல்லாம் எழுதி வெச்ச?" என்று கேட்டேன். குரல் எலிக்குஞ்சுடையது போல வந்தது.

"நீங்க நிறுத்தீங்கள்ல, அதுக்குத்தான்." இப்போது சுளகைக் கீழே வைத்தாள். "அந்தக் காலத்துல மனசுல எண்ணி வெப்பேன் ஐயா. முள்ளு இருவத்திரண்டு, ஐயா வாயில இருவது. லயத்து வீட்டுக்குப் போற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டுப் போவேன். இப்பதான் எழுதப் படிச்சேனே."

நூரியா ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே கல்குலேட்டரில் தட்டினாள். லொறியில் போன நூற்றுப் பன்னிரண்டுக்கும் அறிவித்தது ஐயாயிரத்து அறுநூறு. சுவரில் இருந்தது ஐயாயிரத்து எண்ணூற்று இருபத்தொன்று. வித்தியாசம் இருநூற்று இருபத்தொரு கிலோ.

"நாலு லொறி!"

"கடிதம் ஒண்ணும் வேணும்," என்றார் நூரியாவின் ஃபோனில் மஷூர். "பிழை எப்படி வந்ததுண்டு. நிறுத்தவரே எழுதிக் கையெழுத்து வெக்கணும். சாட்சி ஒண்ணும்."

பேனாவை எடுத்தேன். தேதியைப் போட்டேன். "தராசு பழுதுன்னு எழுதிருவோமா?"

"தராசு பழுதுண்டா இந்தப் புது நிறையும் பிழைதானே?" என்றாள் நூரியா.

"சாக்கு பழுதுன்னு எழுதுங்களேன்," என்று சின்னம்மா சிரித்தாள். "நூத்துப் பன்னெண்டு சாக்கும் சேந்து ஐயாவ ஏமாத்திருச்சுன்னு."

வேறு வழியில்லை. எழுதினேன். தராசு காட்டியதைவிட ஒன்று முதல் மூன்று கிலோ வரை ஒவ்வொரு மூட்டைக்கும் நானே குறைத்து எழுதினேன். இது என் பழக்கம். ஏற்றுமதியாளருக்கும் லொறிக்காரருக்கும் இது தெரியாது. கையெழுத்துப் போட்டுச் சாட்சிக்காகச் சின்னம்மாவிடம் நீட்டினேன்.

"வாசிச்சுக் காட்டுங்க."

"உனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே!"

"உங்க வாயால கேக்கணும்."

"ரெண்டு லொறி மாமா! என்ன பண்றீங்க அங்க?"

வாசித்தேன். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள்.

"பழக்கம்னு மட்டும் இருக்கு. எங்க பழகினதுன்னு இல்லையே."

"அது கஸ்டம்ஸுக்கு எதுக்கு?"

"காரணம் கேக்குறாங்கள்ல? பழக்கம்னா எந்தப் பழக்கம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நூரியா புள்ள, நீங்க சொல்லுங்க."

நூரியா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "சின்னம்மாக்கா சொல்றது சரி அங்கிள். காரணம் தெளிவா இல்லாட்டி திருப்பி அனுப்புவாங்க."

"ஒரு லொறி," என்றான் சுரேந்திரன். இப்போது அவன் கத்தவில்லை. அழுகிறவன் போல இருந்தான்.

சுங்கத்துக்குப் பயந்ததைவிட அந்த இரண்டு வரிக்குப் பத்து மடங்கு பயந்தேன். எழுதினேன். முப்பத்தெட்டு வருடம் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது, எடுத்தவர்களுடைய நிறையில் இப்படிக் கழித்து எழுதியதால் வந்த பழக்கம். தோட்டத்தின் பேர், டிவிஷன், என் பேர். சின்னம்மா கீழே தன் பேரை எழுத்தெழுத்தாக வரைந்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு யுகம். நூரியா படமெடுத்து அனுப்பினாள்.

பிறகு ஃபோனில் மஷூர் ஓடுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம், யாரோ சிங்களத்தில் "ஹரி, ஹரி, தென்ன" என்று காகிதத்தைக் கேட்கிற சத்தம். சுரேந்திரனின் லொறி மேடையில் ஏறியபோது இரும்பு உறுமியது ரம்புக்கனை வரை கேட்டது. நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. ஒரு மணி நேரம் விடவில்லை. நூரியாவின் கடிகாரப்படி ஏழு நிமிடம்.

"மாமா." கடைசியில் சுரேந்திரன்தான். "சரியா வந்திருச்சு. திருத்தின நிறையும் மேடை நிறையும் ஒண்ணு. ஆனாலும் ஒரு மூட்டையப் பிரிச்சு ஆபீசர் முழங்கை வரைக்கும் கைய விட்டுப் பாத்தாரு."

"அப்புறம்?"

"தும்மினாரு. போகச் சொல்லிட்டாரு. மாமா, இனி நான் ஏத்துறதுல நீங்க நிறுக்க வேணாம்."

வைத்துவிட்டான். நூரியா தலையில் கைவைத்து, சிரித்தும் அழுதும் முடித்தாள். நான் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தேன்.

சின்னம்மா மட்டும் அசையாமல் நின்றாள். "புள்ள, அந்தக் கடுதாசியில எனக்கு ஒரு போட்டோக்கொப்பி எடுத்துத் தாறீங்களா?"

"உனக்கு எதுக்கு அது?" என்று நான் பாய்ந்தேன்.

"லயத்துல கொழுந்தெடுத்தவங்க இன்னும் நாப்பது பேரு இருக்காங்க ஐயா. நானாச் சொன்னா நம்ப மாட்டாங்க. ஐயா கையெழுத்தப் பாத்தா நம்புவாங்க."

நூரியா அவள் கேட்டபடி ஒன்றும், கேட்காமலே இன்னொன்றும் எடுத்துக் கொடுத்தாள். சின்னம்மா இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மாலை ஐந்து மணிக்கு நானும் சின்னம்மாவும் அரநாயக்க பஸ்ஸுக்கு நின்றோம். எங்கள் பக்கம் போக அது ஒன்றுதான். எனக்கு முன்னால் ஏறியவள், ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்துச் சீட்டைக் கையால் தட்டினாள்.

"வாங்க ஐயா," என்றாள். "நீங்களே வந்து வாசிச்சா இன்னும் நல்லது."