ஆற்றாத களிம்பு

சலூன்காரருக்கு விரலிடுக்கில் ஆரம்பித்த அரிப்பு மணிக்கட்டைத் தாண்டியபோது, குற்றவாளி தலைச்சாயம்தான் என்று வீடே தீர்ப்பெழுதிவிட்டது. மருந்துக் கடையில் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை அப்பிக்கொண்டு, அதன் மேல் ரப்பர் கையுறை மாட்டி முடி வெட்டினார். அடங்கவில்லை. கையுறையை மாற்றினார், சோப்பை மாற்றினார், சவர நுரையைத் தலைமுழுகினார். வந்தவர்களோ அவர் கையைப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் வெட்டும் அவர் மைத்துனனுக்காகப் பத்திரிகை புரட்டிக் காத்திருந்தார்கள்.

மாதக் கடைசிக்குள் கை ஆறாவிட்டால் கடையைத் தன் பேருக்கு மாற்றிவிடலாம் என்று மைத்துனன் நல்லவிதமாகத்தான் சொன்னான்.

"நீங்க கல்லாவுல ராஜா மாதிரி உட்காருங்க மச்சான். இந்தக் கையோட கிட்ட போனா, வந்தவன் பாதித் தலையோட எழுந்து ஓடிடுவான்."

கத்தரிக்கோலைத் தொடாமல் கடைக்கு மேலே மாடியில், வீட்டோடு கிடந்தார். அப்போதுதான் அரிப்பு முழங்கை வரை ஏறியது. வேலையில்லாத கைக்கு வேளாவேளைக்குக் களிம்பு கிடைத்தது. தடவிவிட்டது மனைவி.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, தோல் மருத்துவர் ஒவ்வொரு பொருளாகத் தடவிய சின்னச் சின்ன ஒட்டுகளை அவர் முதுகில் வரிசையாக ஒட்டி அனுப்பினார். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது சாயம் இருந்த இடம் சும்மா இருந்தது. ரப்பர் இருந்த இடமும் அப்படியே. களிம்பு இருந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. களிம்பிலுள்ள மருந்தே அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வெறும் வாசலின் போதும் என்றார் மருத்துவர். நிறுத்தியதும் சில நாள் அரிப்பு சீறுமாம், பிறகு அடங்குமாம்.

சலூன்காரர் கால் தரையில் பாவாமல் வீடு வந்தார். புண்ணுக்குப் போடுகிற மருந்தே புண்ணாக்கும் என்பது மனைவிக்கு மட்டும் ஜீரணமாகவில்லை. ஆனாலும் குப்பையில் போட்டுவிடுவதாகச் சொல்லி டியூப்களை வாங்கிக்கொண்டாள்.

சீறியது. அடங்கும் என்று காத்திருந்தார். மருத்துவர் சொன்ன சில நாள் எப்போதோ தாண்டிப்போயிற்று. வெடிப்புகளில் நீர் கசிந்தது. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டியிருந்தது.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் மதியம். சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவருக்குக் கை குளுகுளுவென்றிருந்தது. விழித்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நோகாமல், விரல் விரலாகத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் பாதி சுருட்டிய டியூப் கிடந்தது.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "எத்தனை நாளா?"

"நீங்க நிறுத்தின நாள்லேர்ந்துதான்." அவள் குரலில் ஒளிவுமறைவு இல்லை. "முழிச்சிருந்தா விடமாட்டீங்கல்ல. கடை கைய விட்டுப் போயிடுமேன்னு பயமா இருந்துச்சுங்க."

எழுந்து போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டினார். பிசுக்கின் மேல் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக ஓடியது. கீழேயிருந்து மைத்துனன் கூப்பிட்டான். பெயர்ப்பலகை எழுதுகிறவர் வந்திருக்கிறாராம், ஒரு நிமிடம் இறங்கி வர முடியுமா என்றான்.

சலூன்காரர் சோப்பை எடுத்துத் தேய்த்துக் கழுவினார். மறுபடி சோப்பு போட்டார். நுரைக்கு அடியில் அரிப்பு மெல்லக் கண் விழித்தது.