காதைப் பிடித்து உறங்கும் பிள்ளை

பிரிக்பீல்ட்ஸில் மார்க்கிரட்டைத் தெரியாத ஈழத்து அகதி கிடையாது. போரில் சிதறிப்போன குடும்பங்களைத் தேடிச் சேர்த்துவைக்கும் தேவாலயக் குழுவில் அவள்தான் முன்னால் நிற்பாள். யாருடைய அண்ணன் கிடைத்தாலும் தன் கூடப்பிறந்தவனே கிடைத்ததுபோல் அழுவாள்.

அவள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தது. வாணி. கடைசிப் போரில் தாயைத் தவறவிட்டு, மாமனோடு படகேறி வந்தவள். மாமன் கிள்ளானில் நோயில் இறந்துபோக, நான்கு வயதுப் பிள்ளையை மார்க்கிரட் தூக்கி வந்தாள். இப்போது கல்லூரி வயது. இன்றுவரை மார்க்கிரட்டை "ஆன்டி" என்றுதான் கூப்பிடுகிறாள்.

குழு தேடுகிறவர்களின் பட்டியலில் வாணியின் தாய் பெயரையும் சேர்த்தது மார்க்கிரட்தான். சேர்த்துவிட்டு மறந்தும் போயிருந்தாள். ஒரு மாலை குழுவிலிருக்கும் ஷான் வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, வாணியோட அம்மா உயிரோட இருக்காங்க. திருச்சி பக்கம் முகாம்ல."

மார்க்கிரட் அவசரமாகக் கேட்டாள்: "அதே பேர்ல எத்தனையோ பேர் இருப்பாங்க லா. ஷுவரா தெரியுமா?"

"ஒரு அடையாளம் சொன்னாங்க. அம்மா காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் பிள்ளை தூங்குமாம்."

வாணி வந்த முதல் இரவே அந்தச் சின்ன விரல்கள் மார்க்கிரட்டின் காதைத் தேடிப் பிடித்தன. வெகுகாலம் விடவில்லை. உலகத்தில் தன்மேல் மட்டும் பிள்ளை வைத்த உரிமை அது என்று நினைத்திருந்தாள். வாணிக்கே அது நினைவில்லை. 'அப்படி ஒண்ணும் இல்லையே' என்று சொன்னால் போதும். சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"அவதான்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் அந்த முகம் தெரிந்ததும் வாணி "அம்மா" என்றாள். யோசிக்கவில்லை, தயங்கவில்லை. இத்தனை வருஷம் யாருக்கோ எடுத்து வைத்திருந்த சொல்போல வந்து விழுந்தது. மார்க்கிரட் சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

"ஆன்டி, அம்மா உங்ககிட்ட பேசணுமாம்."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.  அந்தப் பெண், "அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேணும். ஆனா பிள்ளை உங்களை மாதிரியே தலையைச் சாய்ச்சுச் சிரிக்கிறா. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கேல்லை" என்றாள்.

மார்க்கிரட்டுக்கு அன்று முதன்முறையாக மூச்சு சீராக வந்தது. "உங்களை அம்மான்னு கூப்பிட்டா. எனக்கும்தான் பொறுக்கல."

அதன்பின் இருவரும் பிள்ளை எதைச் சாப்பிடுவாள், எதை ஒதுக்குவாள் என்று பேசினார்கள்.

வாணியிடம் இருப்பது அகதி அட்டைதான். நாடு தாண்டிப் போக வழியில்லை. அடுத்த மாதம் ஷான் திருச்சிக்குப் புறப்பட்டபோது, அம்மாவுக்குச் சேலை கொடுத்தனுப்ப வேண்டுமென்றாள் வாணி. அவளும் மார்க்கிரட்டும் கடைக்குப் போனார்கள். மயில்கழுத்து நிறப் பட்டு ஒன்றை எடுத்த வாணி, அதைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றாள்.

"முகாம் வெயிலுக்கு அது சரிப்படாது லா," என்று மார்க்கிரட் ஒரு பருத்திச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். நல்ல சேலைதான். பட்டு அதைவிட நன்றாக இருந்தது.